பல் மருத்துவர் அடைத்த படகு

சகலைகள் இருவரும் சேர்ந்து படகு வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றே அக்காவும் தங்கையும் அதைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"நம்ம வீட்ல பொண்ணு ரெண்டு பேருதான்னு நெனச்சுட்டிருந்தோம். மூணாவதா ஒருத்தி இருந்திருக்கா. அவளையும் இவங்க ரெண்டு பேருமே கட்டிக்கிட்டாங்க" என்றாள் அக்கா.

தங்கை பெயரே வைத்துவிட்டாள். கடைக்குட்டி.

கடைக்குட்டிக்கு அப்போதே அறுபது வயது தாண்டியிருந்தது. முப்பத்திரண்டு அடி நீள மரப்படகு. உள்ளே இரண்டு படுக்கை, ஓர் ஆள் நிற்கும் அடுப்படி, நிமிர்ந்தால் தலை இடிக்கும் கழிவறை, பித்தளைச் சட்டம் போட்ட ஆறு வட்ட ஜன்னல். ஆற்றோடு நாலைந்து நாள் தங்கிப் போய்வர யாரோ ஒரு வசதிக்காரர் ஆசையாகக் கட்டி, ஆசை தீர்ந்ததும் சேற்றில் விட்டுப் போனது. அதைச் சேற்றிலிருந்து இழுத்து, அழுகிய பலகைகளை மாற்றி, மிதக்க வைக்க மூன்று வருடம் ஆனது. செய்தவர் பெரிய சகலை. அவர் லிஃப்ட் மெக்கானிக். படகுத்துறையில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். சின்ன சகலை பல் மருத்துவர். அவருக்கு என்ன வேலை என்றால், பித்தளை துலக்குவது.

"பதினொரு வருஷமா துலக்குறேன். பாத்திரக் கடையில சேர்ந்திருந்தா இந்நேரம் முதலாளி ஆயிருப்பேன்" என்று டாக்டர் சொல்லிக்கொள்வார். வேடிக்கையாகத்தான் சொல்வார். ஆனால் அதில் கொஞ்சம் கடுப்பும் உண்டு.

தவறு அவர் மேல்தான். படகு மிதக்கத் தொடங்கிய மறுவருடம், துண்டு மாட்ட ஒரு கொக்கி இருந்தால் நன்றாக இருக்குமே என்று படுக்கைக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு திருகாணியை முறுக்கினார். ஆணி நீளம். பலகைக்கு மறுபக்கம் ஆறு. நூல் போல நீர் உள்ளே வந்தது. அவர் பயந்து ஆணியைப் பிடுங்கினார். நூல் கயிறானது. அன்றிலிருந்து மரத்தின் பக்கம் டாக்டர் போகக் கூடாது என்பது எழுதாத சட்டம். பாதிப் படகு அவருடையது. ஆனால் எந்தப் பாதி என்று யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் வருடம் லிஃப்ட்காரர் ஓய்வு பெற்றார். அந்த வருடத்துக்காக அவர் எத்தனை நாளாகக் காத்திருந்தார் என்பது டாக்டருக்குத் தெரியும். இதுவரை எல்லாப் பயணமும் சனி, ஞாயிறு, கூட ஒரு பொய்க் காய்ச்சல் என்று நான்கு நாளைத் தாண்டியதில்லை. இந்த முறை நீர் ஏறியதும் புறப்பட்டு, ஆறு மெலிந்து மெலிந்து கடைசியில் படகு நுழைய முடியாத ஓடையாகும் இடம் வரை போவது. மூன்று மாதம். சமையலறைச் சுவரில் ஆற்றின் வரைபடத்தை ஒட்டி, தங்கும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார். டாக்டரும் மூன்று வாரம் விடுப்பு எடுத்து இடையில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

கோடையில் ஆறு வற்றும். அப்போது படகுகளையெல்லாம் கிரேன் வைத்துத் தூக்கிக் கரையிலிருக்கும் தகரக் கொட்டகைக்குள் கட்டைமேல் உட்கார வைப்பார்கள். நீர் ஏறியதும் மறுபடி கிரேன் வந்து இறக்கும். கிரேன் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதனால் ஒரே நாளில் எல்லாப் படகும் இறங்கியாக வேண்டும். அன்று தவறினால் தாமதக்காரர்களுக்காக இரண்டரை மாதம் கழித்து இன்னொரு முறை வரும். அதற்குள் பருவம் பெரும்பாலும் போய்விடும்.

அந்தக் கோடையில் லிஃப்ட்காரரின் மகளுக்குப் பிரசவம். அவரும் மனைவியும் மகள் இருக்கும் ஊருக்குக் கிளம்பினார்கள். நாற்பது நாள். வேறு வழியில்லாமல் அவர் கொட்டகைச் சாவியை டாக்டரிடம் கொடுத்தார்.

"பாரு சகலை. ஒரே வேலைதான். காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, சாக்கை நனைச்சு இவ மேல போடணும். மரம் காயக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான். உன் மூளைய உபயோகிக்காதே."

டாக்டர் சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினார். "பாத்தியா. பதவி உயர்வு."

"அதான் தெரியுதே. பித்தளையிலேருந்து சாக்குக்கு" என்றாள் தங்கை.

முதல் வாரம் சொன்னபடி நடந்தது. மருத்துவமனை திறக்கும் முன்னால் ஒரு முறை, மூடியபின் ஒரு முறை, வாளி வாளியாக ஊற்றினார். மாலையில் லிஃப்ட்காரரிடமிருந்து போன் வரும்.

"குளிப்பாட்டினியா?"

"குளிப்பாட்டினேன் அண்ணே."

"இங்க பொறந்த ஒருத்திக்கு நான் ஊத்துறேன். அங்க ஒருத்திக்கு நீ ஊத்து."

எட்டாம் நாள் காலை டாக்டர் படகுக்குள் ஏறினார். அந்த ஆண்டு வெயில் கொடுமை. சாக்குகள் ஒரு மணி நேரத்தில் காய்ந்து விறைத்தன. உள்ளே இருட்டில் படுக்கைமேல் கோடு கோடாக வெளிச்சம் விழுந்திருந்தது. அவர் முதலில் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. வெளிச்சம் வந்தது பலகைகளுக்கு நடுவிலிருந்து. விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போனது.

மரம் காய்ந்தால் சுருங்கும், நீர் குடித்தால் பெருக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, மேலே மக்கு பூசியிருப்பார்கள். மக்கு என்றால் தூளும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த களி. காய்ந்தபின்னும் நகம் பட்டால் அமுங்கும். ஆற்றில் இறங்கியதும் பலகைகள் பெருத்து ஒன்றையொன்று நெருக்கி, பஞ்சையும் மக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். லிஃப்ட்காரர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். டாக்டரே பல் பிடுங்கப் பயந்தவர்களுக்குப் பேச்சுக் கொடுக்கும்போது இதையெல்லாம் விளக்கியிருக்கிறார்.

ஆனால் தெரிந்திருப்பது வேறு, ஓட்டையைக் கண்ணால் பார்ப்பது வேறு. இருபத்து நாலு வருடமாக அவர் செய்வது ஒரே வேலை. ஓட்டையைக் கண்டால் சுத்தம் செய்வது, உலர்த்துவது, அடைப்பது. ஓட்டையைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போன நாள் அவர் வாழ்க்கையில் கிடையாது. அண்ணன் பிரசவ வீட்டிலிருந்து களைத்துப் போய் வந்து, கிரேன் வருவதற்குள் இத்தனை இடுக்கையும் எப்படி அடைப்பார்? நாம் அடைத்து வைத்தால்?

சொல்லாமல் செய்ய வேண்டும். வந்து பார்த்து அசந்து போக வேண்டும்.

அவர் போய் வாங்கியது சாதாரண மக்கு அல்ல. அதைப் பார்த்தால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு டப்பாவாக வரும் பசை ஒன்று இருந்தது. இரண்டையும் கலந்தால் அரை மணியில் கல்லாகிவிடும். 'எஃகை ஒட்டும்' என்று டப்பாவில் போட்டிருந்தது. பசை பிடிக்க வேண்டுமென்றால் இடம் உலர்ந்திருக்க வேண்டும்; இது பல்லுக்கும் பொருந்தும், டப்பாவிலும் எழுதியிருந்தது. எனவே சாக்குகளை எடுத்துவிட்டார். போதாததற்கு வீட்டிலிருந்து முடி உலர்த்தும் கருவியைக் கொண்டுபோய் ஒவ்வோர் இடுக்கிலும் காட்டினார்.

அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தங்கை. "கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம். என் தலைக்கு ஒரு நாள் பிடிச்சிருப்பீங்களா இதை?"

"உன் தலையில ஓட்டை இல்லையேம்மா."

"இருக்கு. இல்லாட்டி இங்க வந்து நிப்பேனா?"

மூன்று வாரம், தினம் மூன்று மணி நேரம். அளந்து பார்த்தால் மொத்தம் எழுநூறு அடி. டாக்டரின் கை நல்ல கை. ஒரு குமிழி கிடையாது, ஒரு வழிசல் கிடையாது. முதலில் இடுக்கிலிருந்த பழைய மக்கைக் கொக்கியால் சுரண்டி எடுத்து, பசையை அழுத்தி நிரப்பி, காய்ந்ததும் தேய்த்து மழுக்கினார். கையால் தடவினால் எது பலகை, எது பசை என்று தெரியவில்லை. மாலையில் போன் வரும்.

"குளிப்பாட்டினியா?"

"ம்."

அந்த 'ம்' அவருக்குப் பொய்யாகவே தோன்றவில்லை. பரிசைப் பொட்டலம் கட்டி வைத்திருப்பவன் 'உள்ள என்ன?' என்று கேட்டால் சொல்லும் பதில் போலத்தான் தோன்றியது.

கிரேன் வருவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு புதன்கிழமை, பக்கத்துப் படகுக்கார அம்மாள் ஊரிலிருந்து திரும்பினார். வானிலை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படகுத்துறையில் அவருக்கு வானிலை அம்மா என்று பெயர். மழை வரும் என்று அவர் சொன்னால் துணியைத் தைரியமாக வெளியே காயப்போடலாம் என்பார்கள். ஆனால் மரத்தைப் பற்றி அவர் சொன்னது தவறியதில்லை.

வந்தவர் கடைக்குட்டியின் பக்கவாட்டைத் தடவினார். முகம் மலர்ந்தது. பிறகு நகத்தால் ஓர் இடுக்கை அழுத்தினார். முகம் மாறியது. சாவியால் தட்டினார். டக் டக் என்றது.

"இது என்ன டாக்டர்?"

டாக்டர் பெருமையாகச் சொன்னார். டப்பாவை எடுத்துக் காட்டினார். "பல்லுல அடைக்கறோமே, கிட்டத்தட்ட அதே சரக்கு. பத்து வருஷத்துக்கு அசையாது."

"அசையாது. அதான் பிரச்னை." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "பல்லு தண்ணி குடிச்சுப் பெருக்குமா டாக்டர்?"

டாக்டர் டப்பாவைத் திருப்பி மறுபடி படித்தார்.

"இந்தப் பலகைங்க எல்லாம் பெருக்கும். நல்லாக் காயவெச்சுட்டு வேற அடைச்சிருக்கீங்க, அதனால ரொம்பவே பெருக்கும். மக்கா இருந்தா நசுங்கி எடம் குடுக்கும். இது குடுக்காது. பலகை எங்க போகும்? வெளிய தள்ளும். ஆணியைப் பிடுங்கும். இல்லேன்னா உள்ள பலகையைத் தாங்கற விலாக்கட்டை ஒண்ணொண்ணா முறியும். நான் ஒரு படகுல பாத்திருக்கேன். ராத்திரி பூரா பட் பட்டுன்னு சத்தம் கேட்டுதாம்."

டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். அவள் கையில் முடி உலர்த்தும் கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை அணைத்தாள்.

"மக்கு வெக்கச் சொன்னா" என்று ஆரம்பித்து, அவர் முகத்தைப் பார்த்து, மீதியை விழுங்கிவிட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் விழுங்கிய ஒரே கேலி அதுவாகத்தான் இருக்கும்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டருக்குக் கை ஓடவில்லை. ஒரு பையனின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அப்படியே நின்றார். சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்ற எண்ணமும் வந்தது. பசை கண்ணுக்குத் தெரியவில்லை. மேலே சாயம் பூசினால் கடவுளுக்குக்கூடத் தெரியாது. மரம் தாங்கினாலும் தாங்கும். தாங்காவிட்டால், எழுபது தாண்டிய படகு, வயது ஆகிவிட்டது என்று சொல்லிவிடலாம். சுவரில் சிவப்புப் புள்ளி வைத்த அந்த வரைபடம் நினைவுக்கு வந்தது. ஊரிலிருந்து வெகு தொலைவில், ஒரு சிவப்புப் புள்ளிக்கும் அடுத்த சிவப்புப் புள்ளிக்கும் நடுவில், அண்ணன் படுத்திருக்கும்போது விலாக்கட்டை முறியும் சத்தம்.

"டாக்டர் மாமா, வாய் வலிக்குது" என்றான் பையன்.

மதியம் அவரே போன் செய்தார். ஆரம்பத்திலிருந்து, ஒன்றையும் மறைக்காமல், நோயாளியின் வரலாற்றைச் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். அந்தப் பக்கம் தூரத்தில் குழந்தை அழுவது மட்டும் கேட்டது.

"கீழ் வரிசையிலயுமா?" என்று கடைசியில் லிஃப்ட்காரர் கேட்டார்.

"எல்லா வரிசையிலயும் அண்ணே."

"சரி. கொழந்தை அழுது. வெக்கறேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மாலையே தோண்ட ஆரம்பித்தார்கள். வானிலை அம்மா, பழைய சாயத்தை உரிக்க உதவும் சூட்டுக் காற்றுக் கருவியைக் கொடுத்தார். அதைக் காட்டினால் பசை ஐந்தாறு நொடி இளகும். அந்த நேரத்துக்குள் தோண்டிவிட வேண்டும். உளியால் தோண்டினால் பலகையின் விளிம்பு சிதைந்தது. டாக்டர் மருத்துவமனையிலிருந்து பல் காரை எடுக்கும் கொக்கிகளைக் கொண்டுவந்தார். அது நன்றாக வேலை செய்தது. ஆனால் மெல்ல. ஓர் அடிக்கு இருபது நிமிடம். எழுநூறு அடி என்றால் இருநூற்று முப்பது மணி நேரத்துக்கு மேல். கிரேன் வர மூன்றரை நாள்.

சனிக்கிழமை மத்தியானம் லிஃப்ட்காரர் வந்தார். வீட்டுக்குப் போகாமல், தோள்பையோடு, பேருந்திலிருந்து நேராகக் கொட்டகைக்கு. டாக்டர் படகின் அடியில் மல்லாந்து படுத்திருந்தார். முகமெல்லாம் பசைத் தூள். எழுந்து நின்றார். லிஃப்ட்காரர் அவரைப் பார்க்கவில்லை. பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து, முன்மூக்கிலிருந்து தட்டிக்கொண்டே போனார். ஒரு சுற்று முழுக்கப் போக அரை மணி ஆனது. டாக்டர் அறுவை அறை வாசலில் நிற்கும் உறவினர் போல இரண்டடி தள்ளிப் பின்னாலேயே போனார்.

"ரொம்ப சுத்தமாப் பண்ணியிருக்கே" என்றார் லிஃப்ட்காரர். "அதான் வருத்தமா இருக்கு. அரைகுறையாப் பண்ணியிருந்தா தானா உதிர்ந்திருக்கும்."

"அண்ணே..."

"அடைச்சதுக்குக் கோவம் இல்ல சகலை. ஒரு ஆளுக்கு ஒரு புத்தி. தினம் சாயங்காலம் போன் பண்ணினேன். 'ம்'னு சொன்னே. நானும் அங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், எங்க சகலை இருக்கான், அவன் பாத்துப்பான்னு."

டாக்டர் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு சொல்லைத் தேடினார். அது இந்த இடத்துக்குச் சின்னதாகப் பட்டது.

தங்கைதான் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "மாமா, மொதல்ல உக்காருங்க. திட்டறதை உக்காந்து திட்டலாம்" என்றாள். லிஃப்ட்காரர் உட்கார்ந்தார். அவள் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அதைக் குடித்துக்கொண்டே அவர் படகைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"திங்கக்கிழமை கிரேன்" என்றார்.

தங்கை அவர் கோப்பையை மறுபடி நிரப்பினாள்.

"ஒண்ணு பண்ணலாம். தண்ணிக்கு மேல இருக்கற வரிசையெல்லாம் அப்படியே இருக்கட்டும். கீழ நாலு வரிசை மட்டும், ரெண்டு நாள், மூணு பேரும் ஒக்காந்தா, பாதியாவது தோண்டிடலாம். மிச்சம் தாங்கினாலும் தாங்கும்." கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "தேக்கு. கெட்டி மரம். நெறையத் தாங்கியிருக்கா இவ."

டாக்டர் நிமிர்ந்தார். அந்தக் குரல் அவருக்குத் தெரிந்த குரல். மரத்தைப் பற்றி லிஃப்ட்காரர் பேசுகிற குரல் அல்ல அது. தன் மருத்துவமனை நாற்காலியில் வாரத்துக்கு இரண்டு பேராவது அந்தக் குரலில் பேசுகிறார்கள்.

"வேண்டாம் அண்ணே" என்றார்.

"என்ன வேண்டாம்?"

"திங்கக்கிழமை எறக்க வேண்டாம்."

லிஃப்ட்காரரின் முகம் சிவந்தது. "யாரு சொல்றது? மரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"மரம் தெரியாது. அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே." டாக்டர் முகத்துப் பசைத் தூளைத் துடைத்துக்கொண்டார். "அவசரப்படறவங்களைத் தெரியும். நாளைக்குக் கல்யாணத்துக்குப் போகணும் டாக்டர், இன்னிக்கே மூடி விட்டுருங்கம்பாங்க. உள்ள சீழ் இருக்கும். கெஞ்சுவாங்க, கத்துவாங்க. நான் மூடமாட்டேன். ஒரு தடவை மூடினேன். அவரு தாடைய அறுக்க வேண்டியதாப் போச்சு. நீங்க மூணு மாசம் போகணும்னு பன்னண்டு வருஷமாக் காத்திட்டிருக்கீங்க. அதைக் கெடுத்தது நான். அதுக்காக உங்களை முறியப் போற படகுல ஏத்தி அனுப்ப மாட்டேன். பாதி என்னுது. என் பாதி எறங்காது."

தங்கை தேநீர்க் கூஜாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தன் கணவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. மருத்துவமனைக்குள் பேசுவார் போலிருக்கிறது.

லிஃப்ட்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். எழுந்து கொட்டகை வாசல் வரை போய், ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீர் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது அவர் வயது கொஞ்சம் கூடியிருந்ததுபோல் இருந்தது. ஆனால் குரல் பழைய குரல்.

"முறியும்" என்றார். "எனக்கே தெரியும். யாராவது முறியாதுன்னு சொல்ல மாட்டாங்களான்னு பாத்தேன்."

திங்கட்கிழமை கிரேன் வந்து ஏழு படகை இறக்கிவிட்டுப் போனது. கொட்டகையில் கடைக்குட்டி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. வானிலை அம்மா தன் படகிலிருந்து கையசைத்து, இந்த வருடம் மழை குறைவு, நீங்கள் எதையும் இழக்கவில்லை என்று ஆறுதல் சொன்னார். ஆகவே அந்த வருடம் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது.

அடுத்த பத்து வாரம் டாக்டர் மருத்துவமனையை மூன்று மணிக்கே மூடினார். 'சொந்த வேலை' என்று கதவில் அட்டை தொங்கியது. லிஃப்ட்காரர் காலையிலேயே வந்துவிடுவார். ஒருவர் சூட்டுக் காற்றைக் காட்ட, ஒருவர் தோண்ட வேண்டும். முதல் நாள் லிஃப்ட்காரர் தோண்டினார். நாலாவது அடியில் பலகை விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது. ஆறாவது அடியில் இன்னொன்று. மாடி மாடியாக இரும்புக் கதவைத் தூக்கிப் பழகிய கை.

டாக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"அண்ணே, கொக்கியை இப்படிக் குடுங்க."

"ஏன்?"

"ரத்தம் வருது."

லிஃப்ட்காரர் கொக்கியைக் கொடுத்தார். டாக்டர் முட்டிபோட்டு, தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, இளகின பசையின் அடியில் கொக்கியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்பினார். ஒரு சாண் நீளத்துக்கு வாழை நார் போல உரிந்து வந்தது. மரத்தில் ஒரு கீறல் இல்லை. லிஃப்ட்காரர் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தார். விரலை வைத்துத் தடவினார்.

"நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"சூடு காட்டுங்க. மத்த நேரம் பித்தளை இருக்கு."

மகள் வீட்டிலிருந்து திரும்பிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. "பன்னண்டு வருஷத்துக்கு அப்பறம் ஒருத்தராவது சொன்னாரே இவருகிட்ட!"

பேச நிறைய நேரம் இருந்தது. பதினொரு வருடமாக இருவரும் படகைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. லிஃப்ட்காரருக்கு மூடிய இடத்தில் பயம் என்பதை டாக்டர் முதல்முறையாகக் கேட்டார். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் கூண்டுக்குள் வேலை பார்த்தவர். தினம் சாயங்காலம் வெளியே வந்து வானத்தைப் பார்த்தால்தான் மூச்சு வருமாம். "ஆறு அதுக்குத்தான்" என்றார். டாக்டரோ, தன்னைப் பார்த்ததும் முகம் சுளிக்காமல் வரவேற்பது இந்த ஊரில் இந்தப் படகு ஒன்றுதான் என்றார். "மத்தவங்க எல்லாம் என்னைக் கண்டாலே கன்னத்தைப் பிடிச்சுக்கறாங்க."

பசை முழுக்க வந்ததும் புதுப் பஞ்சுத் திரி அடித்தார்கள். மேலே மென்மையான மக்கு. அதை டாக்டர்தான் வைத்தார். நிரம்ப வைக்கக் கூடாது, பலகை பெருக்கும்போது பிதுங்க இடம் வேண்டும். ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு நூல் குறைவாக வைப்பது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார்.

தாமதக்காரர்களின் கிரேன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. கடைக்குட்டி பட்டைகளில் தொங்கி, ஆடி, ஆற்றில் உட்கார்ந்தது. பருவம் முடிய ஆறு வாரம் மீதி. ஓடை வரை போக முடியாது. நடுவில் மூன்றாவது சிவப்புப் புள்ளி வரை போய்வரலாம்.

இருவரும் உள்ளே இறங்கித் தரைப்பலகையைத் தூக்கினார்கள். தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அல்ல. இருபது இடத்தில் வேர்வை போல, ஐந்தாறு இடத்தில் சொட்டாக, இரண்டு இடத்தில் நூலாக. டாக்டரின் வலது கை தானாக முன்னால் போனது. அதை இடது கையால் பிடித்து இழுத்துக்கொண்டார். நீர் சேர்ந்தால் தானே இறைக்கும் பம்ப் உறுமியது, ஓடியது, நின்றது. நாலு நிமிடத்தில் மறுபடி ஓடியது.

"வரணும்" என்றார் லிஃப்ட்காரர். "குடிக்கட்டும். தாகம்."

"எவ்வளவு நேரம்?"

"அவ இஷ்டம்." லிஃப்ட்காரர் சோம்பல் முறித்தார். பிறகு செருப்பைக் கழற்றி, இடது பக்கப் படுக்கையில் ஏறி, மேல்சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிட்டார். அவருக்கு அடியில் ஒன்றரைச் சாண் தண்ணீர் இருந்தது.

"அண்ணே! படுத்துட்டீங்க?"

"ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. நீ பாத்துக்க. மோசமாச்சுன்னா எழுப்பு."

"மோசம்னா எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியும்" என்றார் லிஃப்ட்காரர், கண்ணை மூடியபடி. இரண்டே நிமிடத்தில் குறட்டை வந்தது.

டாக்டர் எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்தார். பம்ப் ஓடியது. கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை நிமிடம். அடுத்த முறை ஐந்து. பிறகு மறுபடி நாலரை. அப்போது எழுந்து நின்றுவிட்டார். ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்தார். எழுப்பலாமா? குனிந்து நூலாக வந்துகொண்டிருந்த இடத்தைப் பார்த்தார். அது தடிக்கவில்லை. இன்னொன்று சொட்டாகியிருந்தது. இது மோசமல்ல என்று அவருக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலைச் செருப்பிலிருந்து எடுத்தார்.

எட்டு நிமிடம். பதினொன்று. வெயில் வட்ட ஜன்னல் வழியாக நுழைந்து லிஃப்ட்காரரின் வயிற்றின்மேல் ஏறியது. இடுக்குகளில் மக்கு மெல்லப் பிதுங்கி, எறும்பு ஊர்ந்த கோடு போல வெளியே வந்தது. பலகைகள் நெருங்கிக்கொண்டிருந்தன. எதையும் செய்யாமல் ஒன்று சரியாவதை டாக்டர் அதுவரை பார்த்ததில்லை. கன்னத்தில் கைவைத்து, நேரம் போவது தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பம்ப் நின்று முக்கால் மணி நேரம் ஆனபோது கரையில் பேச்சுக் குரல் கேட்டது. அக்காவும் தங்கையும் சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தார்கள். டாக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று தங்கை கரையிலிருந்து கூவினாள். "முழுகிட்டீங்களோன்னு பயந்தே போயிட்டோம்!"

டாக்டர் உதட்டின்மேல் விரலை வைத்தார்.

"மெதுவாப் பேசு. அண்ணன் தூங்கறாரு."